செக் என்கிற வார்த்தை

— அதான் சொல்றேன் நீலாம்பா, செக்குன்னா மொதமொதல்ல ராஜா. வேற ஒண்ணுமே கெடையாது.

— எங்கண்ணனக் கடையில செக் பண்ணீங்களாமேன்னு கேட்டா, ராஜான்றீங்க.

— அதுக்குத்தாம்மா வர்றேன். பாரசீகத்துல ஷான்னா ராஜா. மூர் மார்க்கெட்ல வாங்கினேனே, அந்த டிக்ஷ்னரியில போட்டிருக்குது. நம்ம பாதுஷாகூட அந்த வம்சந்தான்.

— பாதுஷா நாளைக்குக் காது குத்துக்குச் சொல்லி வெச்சிருக்கேன். தாய்மாமன் மடியில கொழந்தைய உக்கார வெச்சிக் குத்தறமா, இல்லியா? அத்தச் சொல்லுங்க.

— பொறுமையாக் கேளேன். சதுரங்கத்துல ராஜாவ மடக்கறப்ப ஷான்னுவாங்க. அது நாலு தேசம் சுத்தி வெள்ளைக்காரன் வாயில செக்குன்னு ஆயிப்போச்சி. ராஜாவ நிறுத்தறதால, எத்த நிறுத்தினாலும் செக்கு. நிறுத்தி, சரியா இருக்குதான்னு பார்த்தா அதுவும் செக்கு. சதுரங்கப் பலகை கட்டங்கட்டமா இருக்குதுல்ல, கட்டம் போட்ட புடவையும் செக்கு. பேங்க்ல குடுக்கற செக்கும் இதுக்குப் பங்காளிதான். ஒரே ஒரு ராஜா, எத்தினி வாரிசு பாரு.

— ராஜாவ மடக்கறவங்க சொல்லிட்டு மடக்குவாங்களா, சொல்லாமலா?

— சொல்லிட்டுத்தான். அது மரியாதை.

— எங்கண்ணன்கிட்ட சொன்னீங்களா?

— இன்னா நீ, வக்கீலாட்டம் கேக்கற?

— அந்த மரியாதை எங்கண்ணனுக்கு இல்லியான்னு கேட்டேன்.

— மொதலாளிக்குக் கணக்கு எழுதறவன் மச்சான், மாமன்னு பார்த்துக்கினு இருக்க முடியுமா? சொந்தக்காரன்னு உமாபதி விட்டுட்டான்னு ஊரு பேசணுமா? நெய்ஞ்ச புடவையக் குடுக்க வந்த மனுஷன், ஜரிகைப் பொட்டி இருக்கற ரூம்ல தனியா நின்னுக்கினு இருந்தாரு. அங்க இன்னா வேலை அவருக்கு? வேட்டிய அவுத்து உதறச் சொன்னேன்.

— எல்லார் எதிர்லயுமா?

— தறிக்காரங்க சபாபதி, வீரபத்திரன் எல்லாம் இருந்தாங்க.

— கோமணத்தோட நின்னாராமே. பட்டம்மா அண்ணி இப்பத்தான் வந்து அழுதுட்டுப் போச்சி. என்னால அது மொகத்த ஏறெடுத்துப் பார்க்க முடியலைங்க.

— எனக்கு மட்டும் மானமில்லையா? வேட்டி மடிப்புலருந்து ஜரிகை சுத்தின கட்டை கீழ விழுந்ததும் ஒடம்பெல்லாம் கூசிப்போச்சி. எனக்குப் பொண்ணு குடுத்த வீட்டு ஆளு. அதுக்கப்புறம் மொதலாளி மொகத்துல எப்பிடி முழிப்பேன், சொல்லு.

— அண்ணன் இன்னா சொன்னாரு?

— தரையப் பார்த்துக்கினே நின்னாரு. ஏன் மச்சான் இப்பிடிப் பண்ணீங்கன்னேன். விட்டுடு மாப்ளேன்னாரு. அவ்வளவுதான். தப்பு செய்யாதவன் அப்பிடியா பேசுவான்?

— அவ்வளவுதான் சொன்னாரா? வேற யாரப் பத்தியும் எதுவும் சொல்லலியா?

— யாரப் பத்திச் சொல்லுவாரு? கையும் களவுமா நின்னுக்கினு.

— சரி. நாளைக்கு?

— குமரகோட்டம் கோயில் பக்கம் வரவேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். உன் பெரியப்பா மவன் திருஞானசம்பந்தம் மடியில இந்திராணிய உக்கார வெச்சிக்கலாம். திருடன் மடியில வெச்சி என் பொண்ணுக்குக் காது குத்த மாட்டேன்.

— அந்தப் பேச்சு வேணாங்க.

— எந்தப் பேச்சு? திருடன்னதா?

— கூசுதுங்க எனக்கு. உங்க செக்குக்கு இத்தினி அர்த்தம் இருக்குதே, மன்னிச்சி விடறதுன்னு ஒண்ணு இல்லியா?

— அப்பிடி எதுவும் போடல. நீ ஏன் அழற? உங்கண்ணன் வீரபாகு பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ? கடைக்கு வெள்ளையடிச்சப்ப மொதலாளி என்னை நம்பித்தானே ஜரிகைப் பொட்டிய நம்ம வீட்டுக்கு அனுப்பினாரு. இங்க இருந்த வரைக்கும் சாவி உன் இடுப்புல இருந்துச்சி. கடைக்குத் திரும்பிப் போனப்புறந்தான் கட்டை ஒண்ணு கொறையுதுன்னு பேச்சே வந்துச்சி. அதால நம்ம மேல ஒரு சொல்லு வராது.

— எடுத்துக்கினு போறப்ப பொட்டியத் தெறந்து பார்த்தீங்களா?

— நம்ம வீட்ல இருந்த பொட்டிய எதுக்கும்மா பார்க்கணும்?

— பார்த்திருக்கணுங்க.

— இன்னா சொல்ற நீ?

— கோயிலுக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் ஜரிகைக் கரை போட்ட பாவாடை கட்டிக்கினு வருதுங்க. நம்ம கொழந்தைக்கும் ஒண்ணு நெய்ஞ்சி குடுங்கண்ணான்னு கட்டைய நீட்டினேன். ஏதும்மான்னாரு. என்னால பொய் சொல்ல முடியல.

— நீலா.

— எங்கண்ணன் எடுக்கறதுக்கு அந்த ரூம்ல நிக்கலைங்க. நான் எடுத்தத யாருக்கும் தெரியாம திருப்பி வெக்கறதுக்கு நின்னாரு.