மாடி ரூம்ல இருந்தவ

அட, எதுக்கும்மா எழுந்துட்ட? உக்காரு. மாடி ரூம் சாவி இதோ மேசை மேலதான் இருக்கு, நான் ஒண்ணும் எடுத்து ஒளிச்சு வெக்கல. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, ஒத்துவராதுன்னா இப்பவே சொல்லிடுங்கன்னு நீ பட்டுன்னு போட்டு உடைச்சதும் கையில இருந்த சாவியைக் கீழ வெச்சேன், அவ்வளவுதான். அதுக்குள்ள பையைத் தூக்கிட்ட. எத்தனை வீடு ஏறி இறங்கின? ஏழா? ஏழு வீட்லயும் இதையேதான் சொன்னியா? உன்னை தைரியசாலின்னு சொல்றதா, அசடுன்னு சொல்றதா தெரியல.

பயமெல்லாம் இல்ல. அந்த ரூம்ல என் தங்கச்சி இருந்தா, இப்ப உயிரோட இல்ல. சின்னவ. அவளுக்கும் இதேதான். புருஷன்கிட்டருந்து வந்தது. அந்த ஆளு போய்ச் சேர்ந்ததும் அவன் வீட்டுக்காரங்க இவளை ஒரு பெட்டியோட அனுப்பிட்டாங்க. நேரா இங்கதான் வந்தா. நான் இடுப்புல தூக்கி வளத்தவ, வேற எங்க போவா?

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு கவுன்சிலிங் மேடம் பொறுமையா உக்காரவெச்சு சொன்னாங்க. தொட்டா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, மாத்திரையை விடாம போட்டா உங்களை மாதிரியே நல்லா இருப்பாங்கன்னு. நானும் நல்லா தலையாட்டினேன். வர்ற வழியில கடையில நின்னு அவளுக்குன்னு தனி பக்கெட், தனி சோப்பு டப்பா வாங்கினேன். சிரிக்காத. சரி, சிரிச்சுக்கோ. அவளும் சிரிச்சா. வாங்கறதுதான் வாங்கற, பச்சை கலர்ல வாங்குக்கான்னா.

தெருவுக்கு என்ன சொல்றது? சுகர்னு சொல்லிட்டேன். தினம் மாத்திரை போடறா, மாசாமாசம் ஆஸ்பத்திரி போறா, சுகர்னா யாரும் தோண்டித் துருவ மாட்டாங்கன்னு என் மூளை. பாவம், அதுல அவ மாட்டிக்கிட்டா. அவளுக்கு இனிப்புன்னா உயிர். ஆனா யார் வீட்டுக்குப் போனாலும் சர்க்கரை இல்லாத டீ. எதிர்வீட்டு டீச்சர் மக பாஸாயிட்டான்னு கேக் எடுத்துட்டு வந்தாங்க. இவ கை நீட்டறா, அவங்க டப்பாவை அப்படியே என் பக்கம் திருப்பிட்டாங்க. உனக்கு ஆகாதும்மான்னு ஒரு அட்வைஸ் வேற. அவங்க போனதும் சமையலறையில நின்னுக்கிட்டு சர்க்கரையைக் கையால அள்ளி வாயில போட்டா. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். மூணு வருஷம் அப்படியே ஓடிச்சு.

என்ன கேட்ட? ஆமா, மாத்திரை போட்டா நல்லாத்தான் இருப்பாங்க. நீயே இருக்கியே. அப்புறம் அவ எப்படிச் செத்தான்னுதானே? சொல்றேன், இரு. தண்ணி குடிச்சுக்கறேன்.

என் பொண்ணுக்கு ஒரு இடம் வந்துச்சு. நல்ல குடும்பம், பேசி முடிச்சாச்சு. அவங்க வரும்போதெல்லாம் சின்னவளை மாடியிலயே இருக்கச் சொல்லிடுவேன். ஒருநாள் மாப்பிள்ளையோட அம்மா பேச்சுவாக்குல சொல்றாங்க, எங்க நாத்தனார் பெரிய ஆஸ்பத்திரில மாத்திரை குடுக்கற கவுன்ட்டர்லதான் இருக்கான்னு. எந்த மாத்திரைன்னு கேட்டேன். எச்.ஐ.வி.க்குக் குடுக்கற இதே மாத்திரைதான். சின்னவ மாசாமாசம் போற அதே கவுன்ட்டர்.

அவங்க கிளம்பினதும் மாடிக்குப் போனேன். சின்னவளே, கல்யாணம் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போகாத, ரெண்டு மாசந்தானேன்னேன். என்னையே பாத்தா. சரிக்கான்னா. சண்டை போட்டிருக்கலாம். வேற எங்கயாவது வாங்கிக்குடுன்னு கேட்டிருக்கலாம். அவ கேக்கலன்னா என்ன, எனக்குல்ல தோணியிருக்கணும்? மாப்பிள்ளை அப்பாவுக்குக் கால் உடைஞ்சு, தேதி தள்ளி, மறுபடி தள்ளி, ரெண்டு மாசம் எட்டு மாசமாச்சு. மாத்திரை இல்லாம முதல்ல உடம்பு இளைச்சா. அப்புறம் இருமல். கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்ட சுகர் ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொன்னேன். எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் அவளைத் தூக்கிட்டு ஓடினேன். டி.பி. நெஞ்சு முழுக்கப் பரவிடுச்சு, ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்கன்னு டாக்டர் திட்டினாரு. பதினோரு நாள் இருந்தா.

துக்கம் விசாரிக்க அந்த நாத்தனாரம்மா வந்தாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா சொல்றாங்க, உங்க தங்கச்சின்னு எனக்கு முன்னாடியே தெரியும், ஆஸ்பத்திரி அட்டையில உங்க விலாசம்தானே இருந்துச்சு, வேலையில பாக்கறதை நான் வீட்ல வாய்விடறதில்ல, அண்ணன்கிட்டகூடச் சொல்லலன்னு. நான் அங்க இருக்கறதால கூச்சப்பட்டு வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டாங்கன்னு நெனச்சுட்டேனேன்னு அழுதாங்க.

இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லம்மா, என் பொண்ணுகிட்டகூட. நீ ஒளிக்காம சொல்லிட்டு வந்து நிக்கற, நான் ஒளிச்சுட்டு சாவியைக் குடுத்தா நல்லாவா இருக்கும்? கேட்டுட்டு எடுத்துக்கோ. வேணாம்னு போனாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

கடைசியா அந்த நாத்தனாரம்மா வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே ஒண்ணு கேட்டாங்க. மாத்திரை வாங்க வரலன்னதும் எங்க ஆஸ்பத்திரிலருந்து மூணு தடவை போன் பண்ணாங்களே, யாரும் எடுக்கலியான்னு. உன்கிட்ட சொல்றேன், எடுத்தாங்கம்மா. மூணு தடவையும் நான்தான் எடுத்தேன். அந்தப் பேர்ல இந்த வீட்ல யாரும் இல்லைங்கன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். மூணாவது தடவை அப்படிச் சொன்னப்ப அவ இதே கூடத்துலதான், எனக்கு எதிர்ல உக்காந்து, என் பொண்ணோட கல்யாணப் புடவைக்கு ஓரம் தைச்சிட்டிருந்தா. தையலை நிறுத்தவே இல்ல.