பச்சைக் கட்டம்

என் பேச்சு நோயாளிகளுக்கு இதமாக இருக்கும் என்று டாக்டர் சந்திரமோகன் சொல்வார். குடலுக்குள் கேமரா விடுகிற அறைக்கு யாரும் ஆசையோடு வருவதில்லை, ஐயா. வெட்கத்தோடு வருவார்கள். நான் ரெண்டு வார்த்தை பேசினால் அடங்கிவிடுவார்கள்.

எங்கள் மருத்துவமனை கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்தபோது நர்ஸுகளில் நான்தான் முதலில் பழகினேன். பெருங்குடலில் சின்னச் சதை வளர்ந்திருந்தால், திரையில் அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழும். அப்போதே வெட்டி எடுத்துவிட்டால் பின்னாளில் அது புற்றுநோய் ஆகாது. டாக்டருக்கு அந்தக் கட்டத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை. கட்டம் விழாத இடத்தில் அவர் கண் நிற்காது.

மூன்று வருஷத்துக்கு முன், தொழிலாளர் பரிசோதனை முகாமில் வரதன் வந்தார். என் கணவர் எட்வர்ட் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனியில் சூப்பர்வைசர். விஷவாயு இருக்கிறதா என்று பார்க்காமலே எட்வர்ட்டைத் தொட்டிக்குள் இறக்கியவர். விசாரணையில், "குடிச்சிட்டு வந்து அவனாதான் எறங்கினான்" என்று சொன்னவர். எட்வர்ட் குடித்ததே இல்லை. பிணவறை வாசலில் நான் அவருக்கு எதிரில்தான் நின்றேன். முகாமில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அது ஒன்றுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கேமரா உள்ளே போகும்போது, ஒரு மடிப்பின் ஓரத்தில் கட்டம் விழுந்தது. டாக்டர் அந்த நேரம் மயக்க மருந்து கொடுப்பவரிடம் திரும்பியிருந்தார். நான் கருவியை அணைத்தேன். கேமராவை வெளியே இழுக்கும்போதுதான் அவர் நிதானமாகப் பார்ப்பார். அப்போது கட்டம் எதுவும் விழவில்லை.

"ஒண்ணும் காட்டலியா, ஏஞ்சல்?"

"இல்ல சார். க்ளீன்."

மயக்கம் தெளிந்ததும் வரதன், "இன்னா சிஸ்டர், உள்ள எதுனா கீதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். நிம்மதியா ஊட்டுக்குப் போங்க."

என் போன் நம்பரையும் கொடுத்தேன். அடுத்த வருஷம், மலத்தில் ரத்தம் போகிறது என்று கூப்பிட்டார். போன வருஷம்தானே பார்த்தோம், மூல நோயாகத்தான் இருக்கும் என்றேன். வெந்நீரில் உட்காரச் சொன்னேன், கீரை சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். தீபாவளிக்கு எனக்கு ஸ்வீட் கொடுத்தனுப்பினார். வேறொரு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது ஈரல்வரைக்கும் பரவியிருந்தது. நோயை நான் வைக்கவில்லை, ஐயா. அது அவருக்குள்ளேயே இருந்தது.

அப்பாவுக்கு இந்த நோய் என்றால் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வரதன் தன் மகள் ஸ்நேகாவை எங்களிடமே அழைத்து வந்தார். நோயில் இளைத்து, அவர் சட்டை உடம்பில் தொங்கியது.

"எனக்குன்னு இவ ஒருத்திதான் சிஸ்டர். நீங்க கூட இருந்தா தைரியமா கீது."

"நான் பாத்துக்கறேன் சார்."

எனக்கும் ஒருவர்தான் இருந்தார். அதை அவரிடம் சொல்லவில்லை. ஸ்நேகாவுக்கும் கட்டம் ஒரு கணம் மின்னியது. அவளுக்கும் அணைத்தேன்.

போன வாரம் மருத்துவமனையில் பழைய வீடியோக்களைப் புதிய கருவியில் ஓட்டிப் பார்த்தார்கள். அப்பாவுடையதிலும் மகளுடையதிலும் கட்டம் விழுந்தது. கருவி இடையில் அணைக்கப்பட்டதும் தெரிந்துவிட்டது. ஸ்நேகாவைக் கூப்பிட்டுச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போலீஸ் விசாரணைக்குப் போன நீங்கள் வரதனிடம் எல்லாவற்றையும் சொன்னீர்களாம். மகளின் ரிசல்ட் எப்படி வருமோ என்று அவர் சாப்பிடாமல் கிடக்கிறாராம்.

இரண்டையும் நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்நேகாவுக்குப் புற்று இல்லை என்று இன்று காலை ரிசல்ட் வந்ததாகச் சொன்னீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. அதை வரதனிடம் இன்றைக்கே சொல்லியாக வேண்டுமா, ஐயா?