நினைத்தால் நிறுத்திவிடுவேன்

லிஃப்டில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் செருப்பைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடி இருந்தால் முகத்தைப் பார்ப்பார்கள். தங்களைத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. பல வருடங்களாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். இது எதில் தொங்குகிறது என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எங்கள் பிழைப்பு ஓடாது.

என் தம்பி எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், ஐயா. எதையும் மறைக்கிற உத்தேசம் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். காலையில் உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் போகிறபோக்கில் என்னைச் சூதாட்டப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பைத்தியம் என் தம்பிக்குத்தான் பிடித்திருந்தது. நான் அடிக்கடி ஆடுகிறவன், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

அவன் ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அச்சகத்தில் நல்ல வேலை. போனில் ரம்மி விளையாட ஆரம்பித்து, வேலை போனது, பெண்டாட்டியின் சங்கிலி போனது, கடைசியில் பெண்டாட்டியும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் அப்பாவின் உடல் கூடத்தில் கிடக்கிறது, வந்தவர்கள் அழுகிறார்கள், இவனைக் காணோம். தேடிப் போனால் மாடிப்படிக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும், "இந்த ஒரு ஆட்டம்தாண்ணே" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் அப்படியில்லை. சனிக்கிழமைதோறும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலிருந்த அறையில் நானும் கூட வேலை செய்கிறவர்களும் சீட்டு ஆடுவோம். மற்ற நாட்களில் கிரிக்கெட், குதிரை, நாளைக்கு மழை வருமா வராதா என்று எதிலாவது பந்தயம் இருக்கும். கொண்டுபோன பணம் தீர்ந்தால் எழுந்துவிடுவேன். ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரும். யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

தம்பியை ஆலோசனை மையத்துக்கு அழைத்துப்போனவனும் நான்தான். வாராவாரம் கூடவே உட்கார்ந்திருப்பேன். சில நாள் என் மனைவியும் வருவாள். அங்கே ஆலோசனை சொல்கிற அம்மா பொறுமைசாலி. ஒருநாள் தம்பியிடம் சொன்னார்: "அடிக்கடி ஆடறது வேற, அடிமையாகறது வேற. எத்தனை தடவை ஆடறீங்கங்கறது முக்கியமில்ல. நீங்க ஆட்டத்த ஆடறீங்களா, ஆட்டம் உங்கள ஆட்டுதாங்கறதுதான் கேள்வி." பிறகு அடையாளங்களைச் சொன்னார். அதே கிறக்கம் வர வேண்டுமென்றால் பந்தயத்தைக் கூட்டிக்கொண்டே போவார்களாம். தோற்றதைப் பிடிக்க மறுபடி ஆடுவார்களாம். வீட்டில் பொய் சொல்வார்களாம். நிறுத்தப் பார்த்தால் எரிந்து விழுவார்களாம், நிறுத்தவும் முடியாதாம்.

நான் ஒவ்வொன்றாக எனக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அதை அவரிடமே சொன்னேன்.

"ரொம்ப நல்லது" என்று சிரித்தார். "அப்போ நீங்களும் கொஞ்ச நாள் ஆடாம இருந்து பாருங்களேன்."

என் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "என் முகத்தப் பாத்து சொல்லுங்க, இனிமே ஆடமாட்டேன்னு" என்றாள். சொன்னேன். அன்றோடு விட்டேன், ஐயா. இன்றுவரை ஒரு சீட்டைத் தொட்டதில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். தம்பி இரண்டு தடவை வழுக்கி விழுந்து, அழுது, மறுபடி எழுந்து, தத்தளித்துத்தான் கரை சேர்ந்தான். நான் குழாயை மூடுவதுபோல மூடினேன். அடிமையாக இருப்பவனால் இது முடியுமா?

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் சப்பென்று இருந்தன. சாப்பாடு மண்ணாக இருந்தது. மனைவி ஃபேனை அணைக்க மறந்ததற்கு ஒருநாள் தட்டை விட்டெறிந்தேன். வயசானால் கோபம் வருவது சகஜம்.

அந்தச் சமயத்தில்தான் அந்த எட்டு மாடிக் குடியிருப்புக்கு வழக்கமான சோதனைக்குப் போனேன். மொட்டை மாடியில் மெஷின் ரூம். அதில் மோட்டாரை ஒட்டி ஒரு பிரேக் இருக்கும். லிஃப்ட் ஓடும்போது விலகிக்கொள்ளும், நிற்கும்போது கவ்விப் பிடிக்கும். கவ்வுகிற இடத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும், லைனிங் என்போம். தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் லிஃப்ட் தரைக்குச் சமமாக நிற்காமல் கொஞ்சம் வழுக்கி, ஒரு விரல் அளவு மேலேயோ கீழேயோ நிற்கும். குனிந்து பார்த்தேன். நன்றாகவே தேய்ந்திருந்தது. புதிய லைனிங் என் பையில் இருந்தது. பையின் ஜிப்பைத் திறந்தேன். அப்போது ஒரு கேள்வி வந்தது, அவ்வளவுதான். அடுத்த தடவை நான் வரும்வரை இது தாங்குமா? தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜிப்பை மூடினேன்.

அந்த மாதம் முழுக்கச் சாப்பாடு ருசித்தது. மனைவியோடு சினிமாவுக்குப் போனேன். "இப்பதான் பழைய ஆளா ஆயிருக்கீங்க" என்றாள். அடுத்த சோதனைக்குப் போனபோது லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் ஒரு சூடு பரவியது. ஜெயித்துவிட்டேன். ஒரு பைசா கைமாறவில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

அதற்குப் பிறகு, வேலை இல்லாத நாட்களிலும் அந்தப் பக்கம் போவேன். கீழே வாசல் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்தால் லிஃப்ட் கதவுக்கு மேலே மாடி எண்கள் எரிவது தெரியும். தண்ணீர் கேன் போடுகிறவர் கேன்களோடு ஏறுவார். நான்காம் மாடிப் பல் டாக்டரம்மா தனியாக ஏறுவார். லிஃப்ட் என்றால் கீழேதான் விழும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெட்டிக்கு மறுமுனையில் ஒரு கனமான எடை தொங்குகிறது. உள்ளே ஒற்றை ஆள்தான் இருந்தால் அந்த எடைதான் ஜெயிக்கும், பெட்டியை மேலே இழுக்கும். இதையெல்லாம் கணக்கில் வைத்து, இவருக்கு ஒரு விரல், அவருக்கு இரண்டு விரல் என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். நானே ஏறியும் பார்த்தேன். அதில் சுவாரஸ்யம் இல்லை.

ஒருநாள் குடியிருப்பின் செகரட்டரி என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா, லிஃப்ட் படி மாதிரி நிக்குது. எங்க மாமியார் நேத்து தடுக்கி விழப் பாத்தாங்க."

"பார்ட் சொல்லியிருக்கேன் சார். இன்னும் வரல. வந்ததும் மாத்திடறேன்."

பார்ட் என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது. இதைப் பொய் என்று சொல்லலாம். ஆனால் ஆலோசனை மையத்து அம்மா வீட்டில் சொல்கிற பொய்யைத்தான் குறிப்பிட்டார். வீட்டில் நான் ஓவர்டைம் என்று சொன்னேன். வேலை செய்கிற இடத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

ஒரே லிஃப்ட் என்றால் கொஞ்ச நாளில் சலித்துவிடும். என் பொறுப்பில் இருந்தவற்றில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன். பிறகு இன்னும் சில. பந்தயத்தைக் கூட்டினேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறு. சும்மா ஒரு மாறுதலுக்காகச் செய்தது.

இந்தச் சமயத்தில் தம்பி முழுசாகத் தேறிவிட்டான். அவனுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தேன். வேறு இரண்டு இடங்களிலும் ஆள் கேட்டார்கள். நான் இந்தக் குடியிருப்பைத்தான் பிடித்தேன். அவன் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. பால் பாக்கெட், கூரியர் என்று நாள் பூராவும் அவன் மேலும் கீழும் போய்வந்தான். அவன் வந்த பிறகு நாற்காலியில் உட்கார்வதற்கு ஒரு தனி ருசி வந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

நீங்கள் கேட்கிற அந்த மத்தியானம் கூடத்தில் யாரும் இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன். தம்பி வந்து எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அண்ணே, இன்னிக்கு உனக்கு இங்க வேலை இல்லையே."

"சும்மா வந்தேன்."

"ரொம்ப நாளா சும்மாதான் வர." என் முகத்தையே பார்த்தான். "அந்த நம்பர நீ பாக்கற பார்வை எனக்குத் தெரியும். ரம்மி ஆடறப்ப நான் போன அப்படித்தான் பாப்பேன். என்ன ஆட்டம்ணே இது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "போடா. நான் சீட்டத் தொட்டு எவ்வளவு காலமாச்சு."

"நான் சீட்டச் சொல்லல."

என் பையை இழுத்துத் திறந்தான். லைனிங் டப்பாவை வெளியே எடுத்தான். அவன் வேலைக்கு வந்த பிறகும் செகரட்டரி கேட்டபோதெல்லாம் பார்ட் வரவில்லை என்றே நான் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது பையிலயே இருக்கு. வரலன்னு சொன்ன."

"நாளைக்கு மாத்திடறேன்டா."

"நானும் இப்படித்தாண்ணே சொல்வேன். நாளையிலேருந்து, நாளையிலேருந்துன்னு." அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "இப்பவே மாத்து. நான் போர்டு மாட்டி லிஃப்ட நிறுத்தறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

"நாளைக்கு."

அவன் செகரட்டரி வீட்டுப் பக்கம் பார்த்தான். அங்கே போய்ச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், அதைத்தான் அவன் செய்திருக்க வேண்டும். ஆனால், "வெளிய சொன்னா உன்ன உள்ள தள்ளிடுவாங்க. அண்ணி நடுத்தெருவுல நிப்பாங்க" என்று முணுமுணுத்தான். பிறகு போய் லிஃப்ட் பட்டனை அழுத்தினான். கதவு திறந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே ஏறி, என்னைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"எட்டாவது மாடிக்குப் போறேண்ணே. நீ விடமாட்ட. கதவு மூடறதுக்குள்ள வந்து கைய வெப்ப. எனக்குத் தெரியும்."

அந்தக் கதவு பழையது, நிதானமாகத்தான் மூடும். நடுவில் ஒரு கை வைத்தால் போதும், மறுபடி திறந்துகொள்ளும். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயசில் தப்பு செய்து மாட்டிக்கொண்டு, அண்ணன் காப்பாற்றிவிடுவான் என்று தெரிந்தபோது சிரிக்கிற சிரிப்பு. என் கை மடியில் இருந்தது. கதவு மூடிக்கொண்டது.

ஒற்றை ஆள், மேல்நோக்கி. மூன்று விரல் மேலே நிற்கும் என்று நினைத்தேன். எண்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. எட்டு எரிந்தது. மேலே கதவு திறக்கிற சத்தம் மெல்லியதாகக் கேட்டது. அவன் ஒரு காலை வெளியே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் பிரேக் கைவிட்டது. கதவு திறந்தபடியே பெட்டி மேலே போனது. மீதியை நீங்களே போய்ப் பார்த்தீர்கள்.

கை வைக்க எனக்கு நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். தாராளமாக இருந்தது. இரண்டு தடவை எழுந்து உட்காரலாம், அவ்வளவு நேரம் இருந்தது. ஏன் வைக்கவில்லை என்றால், வைத்திருந்தால் தாங்கியிருக்குமா இல்லையா என்று தெரியாமலே போயிருக்கும்.

அவன்மேல் எனக்குப் பாசம் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். அவனை வளர்த்ததே நான்தான். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. இவ்வளவு காலம் எதையும் தொடாமல் இருந்தவன், அன்றைக்குத் தன் உயிரையே வைத்து ஆடினான். என்மேல் வைத்து ஆடினான். இந்த நோய் முழுசாகப் போகாது, உள்ளேயே பதுங்கிக் கிடக்கும் என்று அந்த அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மற்றக் கட்டடங்கள் எவை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கம்பெனியில் விசாரித்தால் என் பொறுப்பில் இருக்கிற எல்லாவற்றையும் சொல்வார்கள். ஊர் முழுக்க இருக்கின்றன. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று உங்களில் ஒருவர் சொன்னார். நிறுத்தலாம். அதில் ஆஸ்பத்திரிகளும் உண்டு, அங்கே ஆபரேஷனுக்குப் போகிறவர்களை எதில் ஏற்றுவீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் சேர்த்துக்கொண்டவற்றில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஒன்று இருக்கிறது.

பதறாதீர்கள், ஐயா, உட்காருங்கள். சொல்லத்தான் போகிறேன். நினைத்தால் இந்த நிமிஷமே சொல்லிவிட என்னால் முடியும், என் தம்பிக்கும் எனக்கும் வித்தியாசமே அதுதான். நாளைக்குச் சொல்கிறேன். என் கணக்குப்படி எல்லாமே இன்னும் ஒரு நாள் தாங்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், தாங்குமா?