சாண்டோ டொமிங்கோவில் ஒரு காக்கா

பஸ்ஸில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று ஆக்லாந்தில் நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஹில்ஸ்பரோ தாண்டும்போது, எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் திடீரென்று சொன்னார்:

“அங்கயும் காக்கா வரல, விஜி.”

“எங்கக்கா?”

“சாண்டோ டொமிங்கோல. மனசு மாறட்டும்னு மக கரீபியன் கூட்டிட்டுப் போனாள்ல. வெள்ளக்காரன் கட்டின பழைய சதுக்கம், ஒரு பக்கம் சர்ச்சு, நடுவுல சிலை. அன்னைக்கு அமாவாசை. இங்கதான் காக்காயே கிடையாது. எம் புள்ள செத்ததுலேருந்து அவனுக்கு வெச்ச சோத்தை ஒண்ணும் தொட்டதில்ல. அங்க மரத்துல கருப்பா ஒரு பறவை இருந்துச்சு. ஹோட்டல் சோத்தைக் கல்தரையில வெச்சு, கா கான்னு கூப்பிட்டேன். ஊரே திரும்பிப் பாத்துச்சு. மக, ‘அம்மா, ஸ்டாப் இட்’னு கையைப் பிடிச்சு இழுத்தா.”

“அது காக்காயே இல்லையோ என்னவோ.”

“இல்லன்னு எனக்கும் தெரியும். கருப்பா இருந்துச்சே, அவன் மனசு வெச்சா வந்திருக்கலாம். கொஞ்ச நேரம் பாத்துச்சு. அப்புறம் பறந்து போயிருச்சு.”

“சோறு?”

“புறாங்க தின்னுச்சு.”

“ஏதோ ஒண்ணு சாப்பிட்டுச்சுல்லக்கா. அவன்தான்னு நெனச்சுக்கோங்க.”

“புறா யாரு போட்டாலும் திங்கும், விஜி. கடைசியா அன்னைக்குக் கார் எடுத்துட்டுப் போறப்பவும் அவன் எங்கிட்ட கோவிச்சுக்கிட்டு, சாப்பிடாமதான் போனான்.”