மைக்கில் வராத பேர்

...மாஸ்க் எப்படிப் போடணும்னு இங்க யாருக்காவது தெரியாதா? தெரியும். போனை எடுத்தாலே இருமல் சத்தத்துல பாடம் கேட்ட ஜனங்க நாம. அப்புறம் ஏன் தாடையில தொங்குது? ஆஸ்பத்திரியில, காய்ச்சல் வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு... ஏன்? முன்வரிசை அண்ணாச்சி, அவசரமா மேலே ஏத்தாதீங்க. உங்களைச் சொல்லலை... சரி, உங்களையும்தான் சொல்றேன்.

வாங்க, உங்க எல்லாரையும் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். சின்னக் கல்யாணம்தான். சாப்பிடாமலே திரும்பிடலாம்.

கொரோனா சமயம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபம். பொண்ணு பேரு சங்கரேஸ்வரி. அவ அப்பா பெருமாள்சாமிக்கு அப்பத்தான் சிறுநீரகம் மாத்தியிருந்தாங்க. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். "உள்ள இருக்கிற எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடியிருந்தா போய் உட்காருங்க. இல்லேன்னா வாசலைத் தாண்டாதீங்க. உங்க உடம்பு தாங்காது." மனுஷன் பட்டுவேட்டி கட்டிக்கிட்டு, மண்டபத்து வாசல்ல ஒரு வேனுக்குள்ள உட்கார்ந்திருக்கார். ஒரே மக. அவ கழுத்துல தாலி ஏறுறதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும். வேற என்ன கேட்டார் அவர்?

வாசல்ல எல்லாருக்கும் புது மாஸ்க் கொடுத்தாங்க. வாங்கினாங்க. போட்டாங்க. உள்ள வந்ததும்... இறக்கினாங்க!

ஏன்? மூச்சு முட்டுதா? அதெல்லாம் இல்லை. பொண்ணோட தாய்மாமன் பரமசிவம் ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சுறார். பதிலைக் கேளுங்க.

"மதினி, மாஸ்க்கை ஏத்துங்க."

"நல்லா இருக்கே! ஏத்திட்டா நான் வந்தது யாருக்குத் தெரியும்? ராக்கம்மா வரவே இல்லைன்னு நாளைக்கு நீங்களே பேசுவீங்க!"

"சித்தப்பா, நீங்களாவது..."

"இருப்பா, வீடியோக்காரன் இந்தப் பக்கம் திரும்புறான்!"

ஒருத்தருக்குத் தும்மல் வருது. மாஸ்க்கை இறக்கினார்... தும்மினார்... திரும்ப ஏத்திக்கிட்டார். ஏன்யா இப்படின்னு கேட்டா, "புது மாஸ்க்குப்பா, அழுக்காயிடும்ல!"

சிரிக்கிறீங்க. வேனுக்குள்ள இருந்தவர் சிரிக்கலை.

அப்ப வந்தார் அரிசி ஆலை தனுஷ்கோடி. வாசல் பேனர்ல மாப்பிள்ளை முகத்தைவிட இவர் முகம் பெருசு. அந்த முகத்தை மூட அவருக்கு மனசு வருமா? மாஸ்க் தாடையிலதான். முன்வரிசையில நடு நாற்காலியில உட்கார்ந்தார்.

ஐயர் அவசரப்படுத்துறார். "முகூர்த்தம் போயிண்டே இருக்கு, பொண்ணு தலையைக் குனியட்டும்."

சங்கரேஸ்வரி குனியலை. "எங்கப்பா உள்ள வரட்டும். அப்புறம் குனியிறேன்."

மாப்பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கும் அவசரம் இல்லைங்க." மாஸ்க்குக்குள்ள இருந்துதான் சொன்னான். நல்ல பையன்.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. வந்தவங்க பேரை மைக்ல சொல்லி வரவேற்கணும். ஒரு பேர் விட்டுப்போச்சு... செத்தாலும் மன்னிக்க மாட்டாங்க! சங்கரேஸ்வரி மாமா கையில இருந்த மைக்கை வாங்கினா.

"மூக்கையும் வாயையும் மூடி, எங்கப்பாவுக்காகக் காத்திருக்கிற கோவிலாங்குளம் பெரியம்மா சீனியம்மாள் அவர்களை... வருக வருகன்னு வரவேற்கிறோம்!"

மண்டபமே திரும்பிப் பார்த்துச்சு. அந்தம்மா எழுந்து நின்னு நாலு பக்கமும் கும்பிடுது. அவ்வளவுதான், ராக்கம்மா மாஸ்க் சர்ருனு மேலே ஏறுது.

"ஏட்டி சங்கரேஸ்வரி, இங்க பாரு! நானும் மூடிட்டேன்!"

"பார்த்துட்டேன் அத்தை. ராக்கம்மா அத்தை அவர்களை வருக வருகன்னு வரவேற்கிறோம்!"

அப்புறம் பார்க்கணுமே! சித்தப்பா மூடினார். தும்மினவர் மூடினார். வரிசை வரிசையா மாஸ்க் ஏறுது, வரிசை வரிசையா பேர் வருது. ஒரே ஒரு பேர் மட்டும் வரலை. தனுஷ்கோடி எழுந்தார்.

"ஏம்மா... என் பேர் எங்க?"

பரமசிவம் மைக்கைத் திரும்ப வாங்கக் கையை நீட்டுறார். பொண்ணு மைக்லயே சொன்னா: "அண்ணாச்சி, மூக்கு வெளியே இருக்கு. மூக்கு உள்ள போனா, பேர் வெளியே வரும்."

அவர் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மூடாத முகம் அங்க அவரோடது ஒண்ணுதான். மெதுவா... ஏத்தினார். "அரிசி ஆலை தனுஷ்கோடி அண்ணாச்சி அவர்களை..." முடிக்கிறதுக்குள்ள விசில் பறந்துச்சு. விசில் அடிக்க மாஸ்க்கை இறக்கினவனை நாலு பேர் அதட்டி உட்கார வச்சாங்க!

வேன் கதவு திறந்துச்சு. பெருமாள்சாமி நடந்து வந்தார். மணமேடைக்குப் பக்கத்துல நின்னார். மக தலையைக் குனிஞ்சா. கெட்டிமேளம். முதல் அட்சதை... அவர் கையில இருந்துதான் விழுந்துச்சு.

இப்பச் சொல்லுங்க. நமக்கு மாஸ்க் போடவா தெரியலை? முகம் தெரியலைன்னா நாம ஆளே இல்லைன்னு பயம்! பிறந்தநாளா, பேனர். சாவா, பேனர். தண்ணித் தொட்டி திறந்தா, தொட்டியைவிடப் பெருசா ஒரு முகம், உள்ள தண்ணி இருக்காது. முகத்தைக் காட்டுறவனுக்குத்தான் நடு நாற்காலின்னு ஆக்கி வச்சிருக்கோம். அப்புறம் மூக்கை மூடுன்னா எவன் மூடுவான்?

அந்தப் பொண்ணு யாரையும் திட்டலை. மரியாதையைத் தூக்கி, அடுத்தவனைப் பத்தி நினைக்கிறவன் பக்கம் வச்சா. நாம வைக்க மாட்டோமா? பஸ்ல, டீக்கடையில, இந்த ஆஸ்பத்திரி வரிசையில... ஒழுங்கா மூடியிருக்கிறவரைப் பார்த்து ஒரு வணக்கம் சொன்னா குறைஞ்சா போயிடுவோம்?

உடம்பு தாங்காதுன்னு பயந்து, இந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியேயும் யாரோ நிற்கிறாங்க. அவங்க உள்ள வரணுமா வேண்டாமா? ...சத்தமா சொல்லுங்க... வரணுமா?

அப்ப, மூடுங்க மூக்கை!