ஃபுல்லிலேயே நிக்கிற முள்ளு

…நான் சொன்னா தப்பாத்தான் வரும் தம்பி. எட்டாவதோட நின்னவ. எதையாவது மாத்திச் சொல்லி, அப்புறம் அதுக்கு வேற நான் திட்டு வாங்கணும். அதனால முதல்ல இருந்தே சொல்லிடறேன். நீங்க பதில் பேச வேணாம், வாயில ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டு இருக்கீங்க, முழுங்கிடாதீங்க.

இதோட மூணாவது தடவை வந்திருக்கீங்க. குறையாச் சொல்லல. முதல் தடவை படகு முன்னாடி இருக்கிற பெட்ரோல் மீட்டரையே மாத்தினீங்க. முள்ளு ஃபுல். அடுத்த தடவை டேங்க்கைத் திறந்து அந்த மிதவையைக் கம்பியோட புதுசா போட்டீங்க. பெட்ரோல் ஏறினா இது ஏறும், இறங்கினா இறங்கும்னு கையில பிடிச்சு ஆட்டிக்கூட காட்டினீங்க. மேல தூக்கினாலும் ஃபுல், கீழ இறக்கினாலும் ஃபுல். இன்னைக்கு டேங்க்கையே வடிச்சு, கேன்ல ஊத்தி, கேனைக் கரையில வச்சிட்டீங்க. உள்ள ஒரு சொட்டு இல்ல. அங்க பாருங்க அதை… வயிறு முட்டத் தின்னவன் மாதிரி நிக்குது. கொஞ்சமாவது வெட்கம் வேணாம் ஒரு முள்ளுக்கு?

அதை விடுங்க. நான் சொல்ல வந்தது எங்க வீட்டுக்காரர் சமாச்சாரம். போன மாசம் எட்டுப் பேரை ஏத்திக்கிட்டுப் போனவர், இந்த முள்ளை நம்பி, பெட்ரோல் தீர்ந்து நடுத் தண்ணியில நின்னுட்டார். ரெண்டு மணி நேரம். அதுல ஒரு அம்மா கூடையில பூனைக்குட்டி வச்சிருந்துச்சாம், அது இவர் சட்டையிலேயே வாந்தி எடுத்துடுச்சு. எத்தனை தடவை துவைச்சேன்… சரி, அது எதுக்கு இப்ப. வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? ‘ஒயரிங் எல்லாம் நான் பண்ணினது, என் கைதான் சரியில்ல’ன்னார். முள்ளைத் திட்டல தம்பி, தன்னைத் திட்டிக்கிட்டார். அன்னையிலிருந்து ஒரு பல்ப் மாத்தணும்னாலும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடறார். பாட்டில் மூடியைத் திருகி மூடிட்டு, ‘சரியா மூடியிருக்கேனா பாரு’ன்னு என்கிட்ட நீட்டுறார். இருபது வருஷமா படகு ஓட்டுற மனுஷன்.

இன்னைக்கு நாலு மணிக்கு டீச்சர் வர்றாங்க. அக்கரையில இருந்து பிள்ளைங்களைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வரணுமாம், படகைப் பார்க்கணும்னாங்க. இவர் என்னடான்னா, ‘என்னால முடியாது, வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிடப் போறேன்’ங்கிறார். அப்படி மட்டும் சொல்லிட்டார்னா, அதோட வீட்டுல உட்கார்ந்துடுவார் தம்பி. எழுந்திரிக்கவே மாட்டார், எனக்குத் தெரியும்.

…ஏன் ஒயரைத் தடவிக்கிட்டே டேங்க்குக்குப் பின்னாடி போறீங்க? அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. ஒரே அழுக்கு. சட்டை வீணாப் போயிடும், வேணாம்.

என்ன அது? துணியா? பூப்போட்ட துணிதான். எங்க வீட்டு ஜன்னல் திரை மாதிரியா இருக்கு? அந்தப் பூ அந்த வருஷம் எல்லார் வீட்டுலயும் தொங்குச்சு. எலி இழுத்துட்டு வந்து போட்டிருக்கும். …ரெட்டை முடிச்சா? ஏன், எலி…

சரி. எலி முடிச்சுப் போடாது.

நான்தான் தம்பி. போன மாசம், மழைக்கு முன்னாடி பெருக்கித் துடைக்க வந்தேன். அந்த ஒயரு தோல் உரிஞ்சு, செம்பு பளபளன்னு தெரிய, டேங்க்குக்குப் பக்கத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஆடி ஆடி எதுலயாவது உரசி நெருப்புப் பொறி வந்துட்டா? பெட்ரோல் இல்லையா உள்ள? ஆடாம அடங்கிக் கிடக்கட்டும்னு அந்த போல்ட்டுல நாலு சுத்து சுத்தி, திரையைக் கிழிச்சுக் கட்டிட்டேன். எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான். ஏன் தலையில அடிச்சுக்கிறீங்க? …மீட்டருக்குப் போற ஒயரு அந்த போல்ட்டைத் தொட்டாலே முள்ளு ஃபுல்லுன்னு காட்டுமா? எந்நேரமுமா?

அவுத்துட்டீங்களா… இறங்குது தம்பி. பாதி… கால்… போச்சு, காலி. கடைசியில வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிடுச்சு.

அய்யோ, அதோ வர்றாங்க ரெண்டு பேரும். இவர் இப்பவே தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் வர்றார். இப்ப சொல்லலேன்னா அவங்ககிட்ட முடியாதுன்னுடுவார். சொன்னா… இவருக்குக் கோபம் வந்தா கத்த மாட்டார் தம்பி. பக்கத்துல வந்து உட்கார்ந்து நிதானமா விளக்குவார். ராத்திரி வரைக்கும் விளக்குவார். அதைத்தான் என்னால தாங்க முடியாது.

நீங்க உள்ளேயே இருங்க. கயிறைத்தான் அவுக்கிறேன். கரையைக் காலால ஒரு தள்ளு… போதும், ஆறடி இருந்தா போதும். வந்து உட்கார முடியாத தூரத்துல நின்னுதான் இதைச் சொல்லணும்.

ஏங்க… உங்களைத்தாங்க. ஒயரிங் உங்க தப்பில்லைங்க. போல்ட்டுல சுத்தினது நான். ஜன்னல் திரையைக் கிழிச்சதும் நான்தான், பூனை கிழிச்சிடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னது பொய். உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. டீச்சர், அவரு எது சொன்னாலும் நம்பாதீங்க, பிள்ளைங்களை அனுப்புங்க…

பாருங்க தம்பி, சிரிக்கிறார். ஒரு மாசம் ஆச்சு அந்தப் பல்லைப் பார்த்து. டீச்சரும் சிரிக்கிறாங்க. …இப்ப எதுக்குக் கையைக் கையை ஆட்டுறார்? ஆறடிதானே… ஆறடியா இது? அறுபதடி இருக்கும் போல. தண்ணி நல்லா இழுக்குது இன்னைக்கு.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி. …ஆமா, பெட்ரோல் கேனெல்லாம் கரையில இருக்கு. துடுப்பா? துடுப்பு… டீச்சர் கால் தடுக்கி விழுந்துடக் கூடாதேன்னு காலையிலதான் எடுத்து, பத்திரமா, கரையில வச்சேன்.