இரு படகுகளை ஒரு படகாக்கி ஓடவைத்த எங்கள் பணிமனைத் தலைவிக்கு

நீருக்கும் நெருப்புக்கும் நட்பு மூட்டியவரே, இரும்புக்குள்ளும் இதயம் உண்டென எங்களை நம்பவைத்தவரே, இருக்கை இருந்தும் இருப்புக் கொள்ளாதவரே, ஏரியின் இரு கரையும் ஏசியபோதும் ஏற்ற வேலையை இறக்கி வைக்காதவரே, எங்கள் அன்புக்குரிய அம்மையீர், வணக்கம்.

தாங்கள், தங்கள் என்று எழுதுவதே பணிநிறைவு வாழ்த்து மடலுக்கு முறை. அப்படி எழுதினால், பாதி வாசிப்பிலேயே “யாரைச் சொல்றீங்க?” என்று கேட்டுவிடுவீர்கள். ஆகவே நீங்கள் என்றே எழுதியிருக்கிறோம். பயணச்சீட்டுக் கூண்டில் இருப்பவர் எழுத, மற்றவர்கள் அடித்துத் திருத்த, தச்சர் சட்டம் போட, இம்மடல் உங்கள் முன் வருகிறது. சட்டத்தின் ஒரு மூலை சற்றே கோணல் என்பதை உங்கள் கண் இதற்குள் கண்டிருக்கும். வாசித்து முடிக்கும்வரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

காலில் சக்கரம் கட்டியவர் என்று சிலரைச் சொல்வார்கள். உங்களுக்குச் ‘சக்கரக்கா’ என்று பெயர் வைத்தது யார் என்று பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இன்றும் நாங்கள் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. தேநீரை நின்றபடியே குடித்து, பாதிக் குவளையை ஏதோ ஒரு விட்டத்தின்மேல் மறந்து, அதைத் தேடப் போன இடத்தில் எங்களுக்குப் புதிதாக ஒரு வேலையைக் கண்டுபிடித்துத் திரும்பும் உங்களை ஓரிடத்தில் நிறுத்தி வாழ்த்துவதே பெரும்பாடு. அதனால்தான் கொதிகலனில் நெருப்பு மூட்டிய பிறகு இந்தக் கூட்டத்தைக் கூட்டினோம். இந்த அறைச் சன்னல் வழியே படகின் புகை தெரியாவிட்டால் நீங்கள் உள்ளே வந்தே இருக்கமாட்டீர்கள்.

இளம் பொறியாளராக நீங்கள் இங்கே வந்தபோது, ஏரியைச் சுற்றிச் சாலை போட்டு முடித்திருந்தார்கள். பக்கச் சக்கரங்களால் நீரைத் தள்ளி, கரைக்குக் கரை மக்களைச் சுமந்த இரண்டு நீராவிப் படகுகளும் அதனால் வேலையிழந்து நின்றன. ஒரே பட்டறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தவை என்பதால் பெரியவள், சின்னவள் என்றே அவற்றுக்குப் பெயர். சின்னவள் நம் மேற்குக் கரையில்; பெரியவள் நீங்கள் பிறந்த கிழக்குக் கரையில். இருவரையும் பழையபடி ஓடவைக்கக் கழகம் ஒன்று உருவாகி, அந்தப் பொறுப்பு மெல்ல மெல்ல உங்கள் தோளில் வந்து விழுந்தது.

குழாய் குழாயாக உருவிச் சின்னவளின் கொதிகலனைப் புதுப்பித்தீர்கள். பலகை பலகையாகப் பெயர்த்து மேல்தளத்தை மீட்டீர்கள். பயணிகள் இருக்கையைச் சுரண்டச் சுரண்ட அடியில் தெரிந்த ஆதிப் பச்சையைக் கலந்தெடுக்க நம் வண்ணக்காரப் பெண்மணிக்கு ஒரு மழைக்காலமே ஆயிற்று. ஒவ்வொரு காலையும் வந்து, “இன்னும் கொஞ்சம் அழுக்கா இருக்கணும்மா” என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். அவர் உங்கள்மேல் தூரிகையை எறியாமல் இருந்தது அவருடைய பண்பு.

ஆனால் உங்களை நாங்கள் உள்ளபடி அறிந்தது, இவற்றுக்கெல்லாம் முன், படகுகளின் பரிசோதனை முடிந்த நாளில்தான். சின்னவளின் உடல் உறுதி, இன்ஜினோ உருளையில் நெடுக விரிசல் கண்டு வீண். பெரியவளின் இன்ஜின் பழுதில்லாத பொக்கிஷம், அடித்தகடோ சுத்தியல் பட்டதும் பொத்துக்கொண்டது. சின்னவளுக்கு டீசல் இன்ஜின் வைத்து ஓட்டுவோம், பெரியவளைக் கரையில் நிறுத்தி உணவகம் ஆக்குவோம், இரண்டும் காப்பாற்றப்பட்டதாகப் பெயராகும் என்று கழகக் குழு முடிவுக்கு வரவிருந்தது. நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த நீங்கள் நின்றீர்கள்.

“ரெண்டு பொணத்துக்குப் பொட்டு வைக்கறதுக்குப் பதிலா ஒண்ணை உயிரோட வெச்சுக்கலாம். பெரியவ இன்ஜினைச் சின்னவளுக்கு வைப்போம்.”

“கிழக்குக் கரைல உங்க சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா?” என்று கழகத் தலைவர் கேட்டார்.

“இருக்கமாட்டாங்க. அதை நான் பாத்துக்கறேன்.”

அந்தச் சொந்தக்காரர் உங்கள் உடன்பிறந்த அண்ணன். பெரியவளின் இன்ஜினை ஓட்டியவர் அவர். படகு நின்று, சம்பளம் நின்று, வேறு தொழிலுக்குப் போன பின்னும் வாரந்தோறும் வந்து எண்ணெயிட்டு, சக்கரங்களைச் சுழற்றும் தண்டைக் கையாலேயே சுற்றிவிட்டு, அந்த இன்ஜினைத் துருவிடமிருந்து காத்தவரும் அவர்தான். இன்ஜினைத் தூக்கக் கிரேன் வந்து நின்றபோது, அதற்கும் படகுக்கும் இடையே மரக்கட்டை ஒன்றின்மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். ஊரே அவருக்குப் பின்னால் நின்றது. நாங்கள் வண்டியைவிட்டு இறங்கவே தயங்கினோம். நீங்கள் மட்டும் நடந்து போனீர்கள்.

“துரு பிடிக்காம வெச்சிருந்தேன். அதனாலதான எடுத்துட்டுப் போற?” என்றார் அண்ணன்.

“ஆமாண்ணா. அதனாலதான்.”

“கெட்டுப்போக விட்டிருந்தா பெரியவ பொழைச்சிருப்பா.”

“ரெண்டு பேருமே போயிருப்பாங்கண்ணா.”

அதற்குமேல் வாதாடாமல் நீங்கள் அந்தக் கட்டையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கால் ஆடவில்லை, கை எதையும் தேடவில்லை. அப்படி உங்களை நாங்கள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நெடுநேரம் கழித்து அண்ணன் எழுந்தார். உங்களைப் பார்க்காமல் கிரேன்காரரிடம், “மெதுவாத் தூக்குய்யா, தண்டு வளைஞ்சிடப் போவுது” என்று மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு உங்களுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. ஒருநாளும் நீங்கள் அதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை. ஆனால் அந்நாள்களில்தான் உங்கள் நடை இன்னும் வேகமானது என்பதை நாங்கள் அறிவோம்.

அத்தனை இழந்தும் முதல் ஓட்டம் தோல்வி. சக்கரங்கள் சுழலத் தொடங்கியதும் படகே பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கியது. தண்டின் தாங்கிகள் தகித்தன, கண்ணாடிகள் கழன்று விழுந்தன. பிரித்தோம், பூட்டினோம், மீண்டும் பிரித்தோம். கழகத்தில் டீசல் பேச்சு திரும்பவும் தலைதூக்கியது. சோறு தண்ணி மறந்து அடித்தளத்தில் ஊர்ந்து கிடந்த நீங்கள், முகமெல்லாம் கரியாக மேலே வந்து சொன்னீர்கள்: “கனமான இன்ஜினை ஒல்லி உடம்புல உக்கார வெச்சிருக்கோம். அவ குதிச்சா இவளும் கூடவே குதிக்கறா. பெரியவளோட இன்ஜினைத் தாங்கின குறுக்கு இரும்பும் வேணும்.”

இன்ஜினை எடுத்த இடத்துக்கே மறுபடி போய், மிச்சமிருந்த உடலையும் அறுக்க வேண்டும் என்பது அதன் பொருள். எங்களில் ஒருவருக்கும் உடன் வரத் துணிவில்லை. வேலைக்கு ஆள் வேண்டுமே என்று வந்தோம். அண்ணன் படகுத்துறையில் நின்றிருந்தார். நீங்கள் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

“எடுத்துட்டுப் போ. நெஞ்சை எடுத்தப்பவே விலாவையும் எடுத்திருக்கணும். ஒண்ணை எடுத்து ஒண்ணை விட்டா யாரு பொழைப்பா?”

அது கோபமா, சம்மதமா என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். அறுக்கும் கருவியை எடுக்க நீங்கள் திரும்பியபோது உங்கள் முகத்தைப் பார்த்தவர்கள், அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அதன்பின் சின்னவள் நடுங்கவில்லை. பயணிகளை ஏற்றிய முதல் நாளில் ஒருவர் கூண்டருகே வந்து, சீட்டு வாங்கி, மேல்தளத்தில் விளையாடும் பிள்ளைகளையும் பார்க்காமல், ஏரியையும் பார்க்காமல், இன்ஜின் தெரியும் கண்ணாடித் தடுப்பின் முன்னேயே அக்கரைவரை நின்றார். உள்ளே நீங்கள் எண்ணெய்க் குடுவையுடன் நிமிர்ந்தீர்கள்.

“எண்ணெய் நீயா போடற?”

“நான்தாண்ணா.”

“அதிகமாப் போடற.” பார்வையை இன்ஜினிலேயே வைத்து, “இறங்கினதும் வீட்டுக்கு வா. அண்ணி உனக்கும் சேத்துத்தான் ஆக்கியிருக்கா” என்றார்.

அன்றுதான் முதன்முறையாகப் படகைத் துறையில் கட்டுமுன்பே நீங்கள் வேலையை விட்டு இறங்கிப் போனீர்கள். மீதி வேலையை நாங்கள் பார்த்துக்கொண்டோம், மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டோம்.

முப்பதாண்டுக்கும் மேலான பணியின் முடிவில் மனநிறைவு பற்றி எழுதுவதே மரபு. எங்களுக்கோ மனம் நிலைகொள்ளவில்லை. அடுத்த மாதம் குழு கூடுகிறது. கொதிகலன் தகடு தேய்கிறது, கரி விலை ஏறுகிறது, டீசலே தேவலை என்று மறுபடி யாரேனும் சொல்வார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் யாரும் நடக்காத அந்த அறையில்தான் இனி நாங்கள் உட்கார வேண்டும். போன வாரம் இதை உங்களிடம் சொன்னோம். “நான் பேசினதை நீங்க பேசுங்க. எனக்கு மட்டும் தொண்டையைத் தங்கத்துலயா பண்ணியிருக்கு?” என்றீர்கள். பேசுவோம், அம்மையீர். குரல் நடுங்கும், ஆனாலும் பேசுவோம். உருளையும் தண்டும் உள்ளவரை சின்னவள் நீராவியில்தான் ஓடுவாள் என்று, ஊரறிய இங்கேயே உறுதி கூறுகிறோம்.

இனி நீங்கள் கிழக்குக் கரையில், அண்ணன் வீட்டில் இருப்பீர்கள். உங்களை அழைத்துப்போக இன்று காலையே வந்துவிட்ட அவர், கூண்டருகே நின்று எங்களிடம் சொன்னது இது: “ஒரு மாசம் வெச்சுப் பாக்கறோம். கதவுக் கீல்லேர்ந்து தண்ணிக் குழாய் வரைக்கும் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடுவா. எங்களால தாங்க முடியலேன்னா, காலைல முதல் படகுல ஏத்தி அனுப்பிடுவேன். எடுத்துக்குவீங்கதான?”

நோயறியா உடலும், சோர்வறியா உள்ளமும், தூரத்துப் புகையின் நிறத்தைக்கொண்டே நெருப்பை எடைபோடும் அந்தக் கூர்த்த கண்ணும் குறைவின்றிப் பெற்று, நெடுங்காலம் நீங்கள் நலமாக வாழ வேண்டும். உங்கள் அண்ணனும் அண்ணியும் எல்லா வளமும் பெற்று வாழ வேண்டும், பொறுமை ஒன்றைத் தவிர.

மாறா அன்புடன்,
கொதிகலன், இன்ஜின், தச்சு, வண்ணம், துறை, பயணச்சீட்டு ஆகிய பிரிவுகளில் பணிபுரியும்
உங்கள் பணிமனைத் தோழர்கள்